ஆம்ப்ரோஸின் மூன்று நாள் வைத்தியம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் கிராஸில், அதாவது எங்கள் குறுக்குத் தெருவில், ஆம்ப்ரோஸ் கையால் மாத்திரை வாங்கி விழுங்காதவர்கள் யாருமில்லை. நானும் விழுங்கியிருக்கிறேன், மூன்று முறை. அதனால் இதைச் சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு வெட்கமும் உண்டு.

அவர் டாக்டர் இல்லை. முப்பத்தோரு வருடம் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் டை, கையில் தோல் பை, டாக்டர்களின் அறை வாசலில் ஒரு நாற்காலி. இதுதான் அவருடைய உத்தியோகம். உள்ளே போக இரண்டு நிமிடம் கிடைத்தால், அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மாத்திரையின் அருமை பெருமைகளை ஒப்பித்துவிட்டு வந்துவிட வேண்டும். "முப்பத்தோரு வருஷம் டாக்டருங்களுக்குப் பாடம் எடுத்தவன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். டாக்டர்கள் அதைப் பாடம் என்றுதான் நினைத்தார்களா என்று நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. யாராவது "டாக்டர் அங்கிள்" என்று கூப்பிட்டால் திருத்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

பங்குக் கோயில் பாடகர் குழுவில் யாருக்காவது தொண்டை கட்டினால் அவர்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, அவர்தான். ஒரு வருடம் பெரிய வியாழனன்று பங்குச் சாமியாருக்கே குரல் போய்விட்டது. ஆம்ப்ரோஸ் மாத்திரை கொடுத்தார். வெள்ளிக்கிழமை குரல் வந்தது. தானாகவே வந்திருக்கும் என்று சாமியார் பிற்பாடு சொன்னார். ஆனால் மெல்லத்தான் சொன்னார்.

வைத்தியத்துக்கு ஒரு கோட்பாடும் வைத்திருந்தார். "கிருமின்னா என்னா? ஒரே ஒரு செல்லு. மூளை கெடையாது, கண்ணு கெடையாது, காது கெடையாது. அதுக்குப் போயி பத்து நாள் மருந்தா? மூணு நாள் நல்லா ஒத உட்டா முடிஞ்சிச்சு. மீதி நாளெல்லாம் கம்பெனிக்காரன் சரக்குத் தள்ளறதுக்கு எழுத வெச்சது. எனக்குத் தெரியாதா, நானே தள்ளியிருக்கேன்."

கடைசி வாக்கியம் உண்மை. அதனால் அதற்கு முன்னால் சொன்னதையும் எல்லோரும் நம்பினோம்.

அவருடைய மனைவி பியாட்ரிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அதிர்ந்து பேசாத மனுஷி. அந்த ஆபீஸ் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. யாரோ ஒருமுறை குழாயை மூடாமல் போய்விட்டார்கள் என்பதற்காக அதைப் பூட்டி, சாவியை பிரின்ஸிபாலின் மேசை டிராயரில் வைத்துவிட்டார்கள். பிரின்ஸிபாலிடம் போய், பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கும்போது, சாவி கேட்பதற்குப் பதிலாகத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று பியாட்ரிஸ் முடிவு செய்தார். காலை எட்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. ஏழெட்டு வருடம்.

போன வருடம் ஜனவரியில் அவருக்கு மூத்திரம் போகும்போது எரிந்தது. ஆம்ப்ரோஸிடம் சொன்னார்.

"யூரின் இன்ஃபெக்ஷன்" என்றார் ஆம்ப்ரோஸ், செய்தித்தாளை இறக்காமலேயே. "மூணு நாள் போடு."

மூன்று நாளில் எரிச்சல் நின்றது. "பாத்தியா" என்றார்.

மார்ச்சில் திரும்ப வந்தது. இந்த முறை வேறு மாத்திரை, இன்னும் வீரியமானது என்றார். இரண்டாம் நாளே எரிச்சல் குறைந்ததால் மூன்றாம் நாள் மாத்திரையை மிச்சம் பிடித்து பக்கத்து வீட்டு க்ளெனின் பல்வலிக்குக் கொடுத்தார். ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி. ஜூனில் மறுபடி. ஒவ்வொரு முறையும் ஒரு புது மாத்திரை, ஒவ்வொரு முறையும் ஒரு "பாத்தியா". ஒரே எதிரியை ஆறு மாதத்தில் நான்கு தடவை வென்ற தளபதி எங்கள் கிராஸில்தான் இருந்தார். தோற்றவன் எப்படி ஐந்தாம் தடவை வந்து நிற்கிறான் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

யோசித்தது பியாட்ரிஸ்தான். ஆகஸ்டில் எரிச்சல் மறுபடி தொடங்கியபோது, கணவர் காலையில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனவர், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு மூத்திரம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரி லேபில்தான் எங்கள் பக்கத்து கிராஸ் சங்கமித்ரா வேலை பார்க்கிறாள். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. முப்பது வயதிருக்கும். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள்.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிருமி வளரவில்லை என்று இருந்தது.

பியாட்ரிஸ் தனக்குத் தெரியாமல் டெஸ்டுக்குப் போனதில் ஆம்ப்ரோஸுக்கு முதலில் கோபம். ரிப்போர்ட்டைப் படித்ததும் கோபம் பெருமையாக மாறிவிட்டது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தார். பூசை முடிந்து வெளியே நின்றவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டினார். மனைவியின் மூத்திர ரிப்போர்ட்டைக் கோயில் வாசலில் காட்டுகிறோமே என்று தோன்றவில்லை. பியாட்ரிஸ் கொஞ்ச தூரத்தில் மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் நின்று, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

காலையில் மாத்திரை போட்ட கதையோடு சேர்ந்து விஷயம் சங்கமித்ரா காதுக்குப் போய், அன்று சாயங்காலமே அவள் ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். முழங்கால் வலிக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அங்கிள், அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க" என்றாள். "ஆண்ட்டி காலைல மாத்திரை போட்டுட்டு மத்தியானம் சாம்பிள் குடுத்திருக்காங்க. எங்ககிட்ட சொல்லவும் இல்ல. மருந்து கலந்த யூரின்ல எது வளரும்?"

"வளரலன்னா செத்துப்போச்சுன்னுதானேம்மா அர்த்தம்?"

"இல்ல அங்கிள். என் தட்டுல வளரலன்னு அர்த்தம்."

ஆம்ப்ரோஸ் சிரித்தார். அவளை உட்காரச் சொன்னார். மூளையில்லாத ஒரு செல்லைப் பற்றிய தன் கோட்பாட்டை அவளுக்கும் எடுத்துச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"கண்ணு காது இல்லதான்" என்றாள். "ஆனா அதோட மேல்தோல்லயே அதுக்கு எல்லாம் தெரியும். சுத்தி புளிப்பு ஜாஸ்தியா இருக்கா, இரும்புச்சத்த ஒடம்பு ஒளிச்சு வெச்சிருக்கா, வெள்ளை அணு முழுங்க வருதா, எல்லாம் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு பண்ணும். வெள்ளை அணு முழுங்க முடியாதபடி நூல் மாதிரி நீண்டுக்கும். மூத்திரப்பை சுவருக்குள்ள பூந்துக்கும். ரொம்ப கஷ்டம்னா, சிலது வளர்றதையே நிறுத்திட்டு சும்மா கெடக்கும். நம்ம மாத்திரைல முக்காவாசி, வளர்ற கிருமியத்தான் கொல்லும். சும்மா கெடக்கறத அதால ஒண்ணும் பண்ண முடியாது. மருந்து நின்னதும் எழுந்துக்கும்."

"தூங்குதுன்னு சொல்றே."

"அப்டித்தான் வெச்சிக்கோங்க."

"பியாட்ரிஸ், கேட்டியா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அதுக்குத் தலகாணி பெட்ஷீட்டெல்லாம் வேணுமாம்."

சங்கமித்ரா எழுந்துகொண்டாள். "இத்தன தடவ திரும்பி வருதுன்னா உள்ள ஏதோ ஒண்ணு அதுக்கு எடம் குடுக்குது அங்கிள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. மாத்திரை எதுவும் போடாம இன்னொரு சாம்பிள் குடுக்கச் சொல்லுங்க." வாசலுக்குப் போகும்போது அவள் இருமினாள். ஆம்ப்ரோஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து நீட்டினார். அவள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் எடுக்கவில்லை. மூன்று நாள் மாத்திரையில் எரிச்சல் நின்றுவிட்டது. பிறகு எதற்கு ஸ்கேன்?

செப்டம்பர் எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. பியாட்ரிஸ் வருடா வருடம் காவிச் சேலை கட்டி ஒன்பது நாளும் போகிறவர். அந்த வருடம் கடைசி நாள் நானும் அவர்களோடு போனேன். கூட்டத்தில் இடையில் வெளியே வர முடியாது என்பதால் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. மத்தியானம் வரிசையில் நிற்கும்போது உடம்பு உதற ஆரம்பித்தது. வெயிலில் நின்றுகொண்டு, பல் அடித்துக்கொள்கிற சத்தம் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கும்படி உதறினார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

ஆம்ப்ரோஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வைரல்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு காய்ச்சல் மாத்திரையும், கூடவே இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தார். அரை மணியில் காய்ச்சல் விட்டது. "பாத்தியா" என்று சொல்ல வாயெடுத்திருப்பார். அதற்குள் பியாட்ரிஸ் அவர் முகத்தைப் பார்த்து, "பெர்னார்ட் அண்ணா, பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

பெர்னார்ட் பியாட்ரிஸின் அண்ணன். இறந்து பதினாறு வருடம்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். "வீட்டுக்குப் போயிடலாம், ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்றார் ஆம்ப்ரோஸ். நான் ஆட்டோக்காரரிடம் சங்கமித்ரா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன். ஆம்ப்ரோஸ் பேச்சை நான் கேட்காதது அதுதான் முதல் தடவை.

அங்கே அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஷ்ரேயாஸ், சின்ன வயது. கன்னடம் கலந்த தமிழில் பேசினார். ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே போயிருந்தது. சிறுநீரகத்திலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார். பியாட்ரிஸை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வருஷ யாவ யாவ ஆன்டிபயாடிக் தொகொண்டித்தாரே, சார்? என்னென்ன மாத்திரை எடுத்திருக்காங்க, எத்தனை நாள்?"

ஆம்ப்ரோஸ் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு ஞாபகசக்தி அபாரம். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதம், எத்தனை நாள். இரண்டு நாளில் நிறுத்தியதையும் மறைக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு மருந்துக்கு அது எந்த வருடம் மார்க்கெட்டுக்கு வந்தது என்பதையும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து தாளைப் புரட்டிப் பின்பக்கம் எழுதினார்.

"யாரு எழுதிக் குடுத்தது இதெல்லாம்?"

ஆம்ப்ரோஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "நான்தான்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. ரெப்பு."

டாக்டர் ஏதாவது திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்ல ஆம்ப்ரோஸிடம் முப்பத்தோரு வருட அனுபவம் இருந்தது.

ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் ஒரு கல் தெரிந்தது. அது வழியை அடைத்து, பின்னால் சீழ் தேங்கியிருந்தது. அன்றைக்கே குழாய் போட்டு வடித்தார்கள். நரம்பில் ஏற்றுகிற ஒரு மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் ஆம்ப்ரோஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் அவரிடம் மெதுவாகப் பேசினார்கள். அதில் ஒருவர் தன் மகனுக்கு இருக்கும் சளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆம்ப்ரோஸ் காதில் விழாத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் சங்கமித்ரா லேபிலிருந்து ரிப்போர்ட்டோடு வந்தாள். இந்த முறை கிருமி நன்றாகவே வளர்ந்திருந்தது. பதினாறு மருந்துகளின் பெயர்கள் வரிசையாக, பன்னிரண்டுக்கு நேராக, கேட்காது என்ற குறி. ஆம்ப்ரோஸ் அந்தப் பட்டியல் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தார். அதில் ஐந்து, அவரே பையில் சுமந்து திரிந்து விற்றவை. ஒன்றுக்கு அவர் சிறந்த விற்பனையாளர் கேடயம் வாங்கியிருக்கிறார்.

"இதையெல்லாம் அது எப்டிம்மா கத்துக்கிச்சு?" என்றார். தெரிந்துகொள்வதற்காக அவர் ஒருவரிடம் கேள்வி கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கத்துக்கறதுன்னு இல்ல அங்கிள். சில மருந்து பட்டா அதோட டிஎன்ஏ ஒடையும். அவசர அவசரமா ஒட்டவெக்கும், தப்புந்தவறுமா. அந்தத் தப்புல ஒண்ணு ரெண்டு அதுக்கு நல்லதா அமைஞ்சிடும். பக்கத்துல இருக்கற வேற கிருமிங்ககிட்ட இருந்தும் வாங்கிக்கும். எது தாங்குச்சோ அதோட பிள்ளைங்கதான் அடுத்த தடவ வரும். இதுல அந்தக் கல்லு வேற. அது மேல பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கிட்டு உள்ள இருந்திருக்கு. உங்க மாத்திரை அங்க சரியா போயே சேந்திருக்காது."

"மூணு நாள்ல நிறுத்தினேனே, அதனாலயா?"

"மூணு நாள் போதும்கற மருந்தும் இருக்கு. நாள் மட்டும் இல்ல அங்கிள் பிரச்சன. எந்தக் கிருமி, எதுக்கு அடங்கும், ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு யாரும் பாக்கல. நீங்க ஒவ்வொரு தடவையும் எரிச்சலத்தான் நிறுத்தினீங்க."

ஆம்ப்ரோஸ் ரிப்போர்ட்டை மடிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

பியாட்ரிஸ் பிழைத்தார். பதினான்கு நாள் ஆஸ்பத்திரி, ஒரு மாதம் கழித்துக் கல்லை எடுக்க ஆபரேஷன். வலது சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது. வீட்டுக்கு வந்த அன்று கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாராம்: "ஏங்க, உங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிக்காதீங்க. நெறைய இருக்கு. சொல்ல இப்ப தெம்பு இல்ல. தெம்பு வந்ததும் சொல்றேன்."

தெம்பு முதலில் பள்ளிக்கூடத்தில்தான் வெளிப்பட்டது. லீவு முடிந்து போன முதல் நாளே பிரின்ஸிபால் அறைக்குள் போய், இரண்டு பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கும்போதே டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். கழிப்பறைப் பூட்டைத் திறந்து, பூட்டோடு சாவியையும் கொண்டுவந்து பிரின்ஸிபால் மேசை மேல் வைத்தார். "இது இனிமே வேண்டாம் மேடம்" என்றாராம். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் பேசிய மிக நீளமான எதிர்ப்புரை அது.

ஆம்ப்ரோஸ் ஆறு வாரம் வாய் திறக்காமல் இருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஆன்டிபயாடிக் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு தேவை என்று சாமியாரிடம் தானே போய்க் கேட்டு, நவம்பரில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு ஹாலில் மைக்கைப் பிடித்தார். கிருமி எப்படி ஆபத்தை உணரும், எப்படி நூலாக நீளும், எப்படிப் படுத்துக் கிடக்கும் என்று இருபது நிமிடம் விளக்கினார். சங்கமித்ராவின் வார்த்தைகள்தான், ஒன்றுவிடாமல். அவள் பேர் மட்டும் வரவில்லை. "இதெல்லாம் நான் பல வருஷமா கவனிச்சு வர்ற விஷயம்" என்று ஒரு இடத்தில் சொன்னார்.

பிறகு உதாரணத்துக்கு வந்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரரு, பாவம், படிப்பறிவு இல்லாதவரு, வொய்ஃபுக்கு அவரே மாத்திரை வாங்கிக் குடுத்திருக்காரு—"

மூன்றாம் வரிசையில் பியாட்ரிஸ் எழுந்து நின்றார். "அந்தக் குடும்பம் நாங்கதான்" என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. "இவரு பி.எஸ்ஸி. படிச்சவரு. இங்க இருக்கறவங்க எல்லாரும் இவருகிட்ட வாங்கித் தின்னவங்க. எனக்கு விஷயத்த சொன்னது நம்ம சங்கமித்ரா. அவள கூப்ட்டு பேசச் சொல்லுங்க."

ஹாலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆம்ப்ரோஸ் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "ஆமா" என்றார். மைக்கை அணைத்து வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். உட்கார எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது, பியாட்ரிஸ் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பியாட்ரிஸ் பரிசோதனைக்குப் போகிறார். ஆம்ப்ரோஸும் கூடவே போவார். போன முறை என்னையும் துணைக்கு அழைத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் கொஞ்சம் கிருமி வளர்ந்திருந்தது. ஆனால் பியாட்ரிஸுக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. தொந்தரவு இல்லாவிட்டால் அதற்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை, கொடுத்தால்தான் கெடுதல் என்றார் டாக்டர் ஷ்ரேயாஸ்.

ஆம்ப்ரோஸுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "டாக்டர், கிருமி இருக்கு. ரிப்போர்ட்லயே இருக்கு. ஒரு பத்து நாள் கோர்ஸ் குடுத்துடுங்க. முழுக் கோர்ஸ். ஒரு வேளை விடாம நான் பாத்துக்கறேன்."

"பேடா அங்கிள், வேண்டாம். சும்னே கொடபாரது. சும்மா குடுக்கக் கூடாது."

"நீங்க சின்னப் பிள்ள. அது எப்டிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாது." குரலில் வீம்பு பாதி, பயம் பாதி. "அது நம்மள பாத்துக்கிட்டே இருக்கும் டாக்டர்."

டாக்டர் பியாட்ரிஸைப் பார்த்தார். பியாட்ரிஸ் ரிப்போர்ட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தாங்க்ஸ் டாக்டர்" என்றார். கணவரின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரிங்க. எனக்கு ரெண்டாவது பீரியட்குள்ள அட்டெண்டன்ஸ் ஏத்தணும்."

பியாட்ரிஸ் பஸ் ஸ்டாப் பக்கம் வேகமாக நடந்து போனார். ஆம்ப்ரோஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, உள்ளே திரும்பிப் போய் இன்னொரு டாக்டரிடம் கேட்டால் என்ன என்று என்னிடம் யோசனை கேட்டார்.